இங்கிலாந்தின் டெரஸ் வீடுகள், 1800 முதல் 1840 வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்குப் படிக்க வந்தவர்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள், பழைய வீடொன்றில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்துவிட்டுச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று தயங்குபவர்கள் எனப் பலரும் கேட்பவை இவை. விடைகளில் என் விருப்பு வெறுப்புகளும் கலந்திருக்கும். இந்த வீடுகளைப் புரிந்துகொள்ள முகப்பை மட்டும் பார்த்தால் போதாது, குத்தகைப் பத்திரத்தையும் கொல்லைப்புறத்தையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

டெரஸ் வீடு என்றால் மொட்டை மாடி உள்ள வீடா?

இல்லை, இந்த வீடுகளில் மொட்டை மாடியே கிடையாது. இடைவெளி விடாமல், பக்கச் சுவர்களைப் பங்கிட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளுக்குத்தான் இங்கிலாந்தில் அந்தப் பெயர். பக்கச் சுவர் அண்டை வீட்டுக்காரருக்கும் சொந்தம் என்பதால் அதில் ஜன்னல் வைக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் மட்டுமே வர வேண்டும். வீடு ஒடுங்கி, உயர்ந்து, ஒரு தளத்துக்கு இரண்டே அறைகளோடு நிற்பதற்கு இந்த ஒரு கட்டுப்பாடே காரணம்.

1630களில் இனிகோ ஜோன்ஸ் லண்டனின் கோவென்ட் கார்டன் சதுக்கத்தை அமைத்தபோதே இந்த முறை தொடங்கிவிட்டது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு நிக்கோலஸ் பார்பன் போன்றவர்கள் இதை முழுநேர வியாபாரமாக்கினார்கள். 1728இல் பாத் நகரின் குயின் சதுக்கத்தைத் தொடங்கிய ஜான் வுட், ஒரு புதுமை செய்தார். ஒரு பக்கத்து வீடுகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே அரண்மனை முகப்பு. நடுவில் முக்கோணச் சிகரம், ஓரங்களில் சற்றே முன்தள்ளிய வீடுகள். அவருடைய மகன் 1767இல் தொடங்கிய ராயல் கிரசென்ட் பிறைவடிவில் 30 வீடுகளை ஒரே கட்டடமாகக் காட்டியது. 1800 பிறந்தபோது இந்த வித்தை கைவசம் இருந்தது, அதைப் பெருக்குவதுதான் பாக்கி.

ஜார்ஜியன், ரீஜென்சி இரண்டும் ஒன்றா?

முதல் ஜார்ஜ் அரியணை ஏறிய 1714 முதல் நான்காம் ஜார்ஜ் இறந்த 1830 வரை ஜார்ஜியன் காலம். அதற்குள் ஒரு சிறு துண்டுதான் ரீஜென்சி. மூன்றாம் ஜார்ஜ் மனநோயால் முடங்கியதால் மகன் அவர் சார்பில் ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான காலம் அது. கட்டடங்களைப் பற்றிப் பேசுபவர்கள் இரு பக்கமும் தாராளமாக இழுத்து, 1790களிலிருந்து விக்டோரியா அரியணை ஏறிய 1837 வரை ரீஜென்சி என்பார்கள். நானும் அப்படியே.

இவற்றைக் கட்டியது யார்? பெரிய கட்டடக் கலைஞர்களா?

மிகச் சில வரிசைகளை மட்டுமே. மற்றதெல்லாம் தச்சர், கொத்தனார், சாந்து பூசுபவர், செங்கல் வியாபாரி ஆகியோர் கடன் வாங்கிச் செய்த சூதாட்டம்.

லண்டனின் வயல்கள் பெட்ஃபோர்ட் பிரபு, க்ரோவ்னர் குடும்பம், போர்ட்மன் குடும்பம், ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல் என்ற அநாதைக் குழந்தைகள் இல்லம் போன்ற பெரிய நிலவுடைமையாளர்களிடம் இருந்தன. அவர்கள் நிலத்தை விற்கவில்லை, கையிலிருந்து காசு போட்டுக் கட்டவும் இல்லை. தெருக்களையும் சதுக்கங்களையும் தாளில் வரைந்து, மனைகளாகப் பிரித்து, கட்ட முன்வருபவருக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் 99 ஆண்டுகள். கட்டும் காலத்தில் பெயரளவுக்கு ஒரே ஒரு மிளகு வாடகை. சட்டப்படி ஏதோ ஒன்று கைமாற வேண்டுமே, அதற்காக. அதற்குப் பின் ஆண்டுதோறும் நிலவாடகை. குத்தகை முடிந்ததும் நிலமும் அதன் மேல் நிற்கும் வீடும் சேர்ந்து உரிமையாளரின் வாரிசுக்குத் திரும்பிவிடும்.

ஆகவே கட்டியவருக்கு ஒரே அவசரம். மிளகு வாடகைக் காலம் முடிவதற்குள் சுவரையும் கூரையையும் எழுப்ப வேண்டும். அந்த எலும்புக்கூட்டைக் காட்டிக் குத்தகைப் பத்திரம் வாங்கி, அதை அடமானம் வைத்துப் பணம் புரட்டி, உள்வேலையை முடித்து, நிலவாடகை தொடங்குமுன் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் கூலிக்குப் பதில் வேலையையே கொடுத்துக்கொண்டார்கள். தச்சர் அண்டை வீட்டுக்குக் கதவு, ஜன்னல் போட்டுக் கொடுப்பார், அந்த வீட்டைக் கட்டும் கொத்தனார் இவருக்குச் சுவர் எழுப்பிக் கொடுப்பார். கணக்கு சரியாக வந்தால் லாபம். வராவிட்டால் திவால். அந்தக் காலத்தில் திவாலானவர்களின் பட்டியலில் கட்டுநர்களுக்குப் பஞ்சமே இல்லை.

1793இல் பிரான்சுடன் போர் மூண்டபோது பாத், பிரிஸ்டல் நகரங்களில் கூரையில்லாத வரிசைகள் ஆண்டுக்கணக்கில் மழையில் நனைந்தன. பிரிஸ்டலின் கிளிஃப்டன் பகுதியிலுள்ள ராயல் யார்க் கிரசென்ட் 1791இல் தொடங்கி 1820இல்தான் முடிந்தது. 1815இல் போர் ஓய்ந்ததும் மீண்டும் வெறி பிடித்தாற்போல் கட்டினார்கள். 1825 டிசம்பரில் வங்கிகள் சரிந்தன, மறுபடியும் சாரங்கள் வெறுமையாக நின்றன.

99 ஆண்டுக்குப் பிறகு உண்மையிலேயே திருப்பிக் கொடுத்தார்களா?

கொடுத்தார்கள். 1967, 1993ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடியிருப்போர் குத்தகையை நீட்டிக்கவும் நிலத்தையே வாங்கவும் வழி செய்தன. ஆனாலும் லண்டனின் நடுப்பகுதியில் க்ரோவ்னர், பெட்ஃபோர்ட் எஸ்டேட்கள் இன்றும் பெருநிலவுடைமையாளர்கள்தாம். ரீஜென்ட்ஸ் பூங்காவைச் சுற்றியுள்ள நிலம் இன்றும் முடியரசின் சொத்து. லண்டனில் வீடு வாங்கும்போது எத்தனை ஆண்டுக் குத்தகை மீதம் என்று முதலில் கேட்கச் சொல்வது இதனால்தான்.

எல்லா வீடுகளும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கின்றனவே, ஏன்?

சட்டம். 1774ஆம் ஆண்டு லண்டன் கட்டடச் சட்டம் வீடுகளை நான்கு தரங்களாகப் பிரித்தது. 850 பவுண்டுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும் இருந்தால் முதல் தரம். 150 பவுண்டுக்குக் குறைவாக, 350 சதுர அடிக்குள் இருந்தால் நான்காம் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் சுவர் எவ்வளவு தடிமன், அஸ்திவாரம் எவ்வளவு அகலம் என்று விதித்தார்கள். நோக்கம் தீத்தடுப்பு. முகப்பில் மரம் கண்ணில் படக்கூடாது. 1709இலேயே ஜன்னல் சட்டத்தைச் சுவரின் முன்விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொல்லியிருந்தார்கள். 1774இல் அந்த மரப்பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். தீக்குப் பயந்து செய்தது அழகாகவும் அமைந்துவிட்டது.

மூன்றாம் தர வீட்டுக்கு ஒருமுறை வரைபடம் போட்டுவிட்டால் போதும், ஆயிரம் முறை கட்டலாம். கட்டுநர்கள் அதைத்தான் செய்தார்கள். அடுத்த தலைமுறை விக்டோரியர்கள் இந்தத் தெருக்களைச் சலிப்பூட்டுபவை என்று ஏசினார்கள். எனக்குச் சலிப்பில்லை. ஒரே தாளத்தில் நாற்பது ஜன்னல்கள் ஓடும் தெருவில் ஒரு கதவின் நிறம் மாறினால்கூடக் கண் நிற்கிறது.

மேலே போகப் போக ஜன்னல்கள் ஏன் சிறுக்கின்றன?

முகப்பில் தூண் இல்லாவிட்டாலும், தூண் இருப்பதாகக் கற்பனை செய்து அளவெடுத்தார்கள். தரைத்தளம் தூணின் பீடம், முதல் தளமும் அதற்கு மேலுள்ளதும் தண்டு, உச்சியிலுள்ள தட்டு மகுடம். கிரேக்க ரோமானிய விகிதம் இப்படிச் சாதாரணச் செங்கல் சுவரிலும் புகுந்துகொண்டது.

குடும்பத்தின் படிநிலையும் அதிலேயே தெரியும். மிக உயரமான ஜன்னல் முதல் மாடியில். விருந்தினரை வரவேற்கும் கூடம் அங்கேதான். இரண்டாம் மாடியில் குடும்பத்தாரின் படுக்கையறைகள், ஜன்னல் குறுகும். உச்சியில் கிட்டத்தட்டச் சதுரமாக ஒரு சிறு ஜன்னல். அது குழந்தைகளுக்கும் வேலைக்காரர்களுக்கும்.

உள்ளே எப்படி இருக்கும்?

மூன்றாம் தர வீடொன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பு அகலம் 18 அல்லது 20 அடி. தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு பள்ளம், அதைச் சுற்றிக் கூர்முனை இரும்புக் கம்பிவேலி, அதன் மேல் பாலம்போல் கல்படிகள். இந்தப் பள்ளத்தைப் பார்த்து வீட்டைப் பூமிக்குள் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. கொஞ்சம் தோண்டி, அந்த மண்ணைத் தெருவில் கொட்டித் தெருவை உயர்த்தினார்கள். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் அடித்தளம் ஏறக்குறையத் தோட்டத்தின் மட்டத்தில் இருக்கும். பழைய வயலின் தரை அதுதான்.

அடித்தளத்தில் முன்னால் சமையலறை, பின்னால் பாத்திரம் கழுவும் இடம். நடைபாதையில் சுமார் ஓர் அடி விட்டமுள்ள வட்ட இரும்பு மூடிகள் பதித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சாக்கடை மூடி என்று தாண்டிப் போய்விடுவோம். அவை நிலக்கரித் துளைகள். தெருவுக்கு அடியில், வளைவுக் கூரையோடு, வீட்டுக்கென்றே ஓர் அறை இருக்கிறது. கரிக்காரர் மூடியைத் திறந்து மூட்டையைக் கவிழ்த்துவிட்டுப் போவார், வீட்டுக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. மூடி சிறியதாக இருப்பது திருடன் நுழையாமலிருக்க. அது உள்ளிருந்து சங்கிலியால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கரியைப் பள்ளத்தின் வழியாக எடுத்துவந்து, வாளியில் நிரப்பி, நான்கு தளம் ஏற்றி, ஒவ்வோர் அறைக் கணப்பிலும் போட்டு, மறுநாள் விடியுமுன் சாம்பலை வாரிக் கீழே கொண்டுவருவது ஒரு வேலைக்காரப் பெண்ணின் அன்றாடப் பாடு. பெரும்பாலும் பதின்ம வயதுப் பெண். இந்த வீட்டின் நேர்த்தியைப் பற்றி எழுதுபவர்கள் அந்தப் படிக்கட்டின் எண்ணிக்கையையும் எழுத வேண்டும் என்பேன்.

தரைத்தளத்தில் நுழைந்தால் ஒடுங்கிய நடை. கதவுக்கு மேலுள்ள விசிறி வடிவக் கண்ணாடிதான் அந்த நடைக்கு வெளிச்சம். பக்கத்தில் உணவறை, பின்னால் குடும்பத் தலைவரின் எழுத்தறை. நடையின் கோடியில், பின்னறையை ஒட்டிப் படிக்கட்டு. முதல் மாடியில் முன்கூடமும் பின்கூடமும், நடுவே அகலமான மடிப்புக் கதவு. விருந்து நாளில் அதைத் திறந்தால் வீட்டின் முழு நீளமும் ஒரே கூடம். மற்ற நாளில் மூடிவைத்தால் கரி மிச்சம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கனம் உண்டு. கல்படி, பித்தளை, வேலைப்பாடுள்ள காரை எல்லாம் விருந்தினர் கால் படும் தளம் வரைக்கும்தான். அதற்கு மேல் மரப்படி. கதவுச் சட்டம் எளிமையாகும், கணப்பு மேடை சுருங்கும், கூரை தாழும். கதவுச் சட்டத்தின் மூலைகளில் வட்டப் பூ செதுக்கிய சதுரக் கட்டையும், சட்டம் நெடுக நாணல் கட்டியதுபோல் இணைகோடுகளும் இருந்தால் அது இந்தக் காலத்தின் கையெழுத்து.

தண்ணீரும் கழிப்பறையும்?

தனியார் தண்ணீர்க் கம்பெனிகள் வாரத்தில் சில நாள், சில மணி நேரம் மட்டும் திறந்துவிட்டன. ஈயத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜோசஃப் பிராமா 1778இலேயே நல்ல தண்ணீர்க் கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் லண்டனில் வீட்டுக் கழிவைப் பொதுச் சாக்கடையில் விட 1815 வரை தடை. எல்லாம் வீட்டுக்கு அடியிலோ கொல்லையிலோ இருந்த குழிக்குள் போனது. தடை நீங்கியதும் சாக்கடை வழியாக நேரே தேம்ஸ் நதிக்கு. அந்த நதியிலிருந்துதான் பல கம்பெனிகள் குடிநீர் எடுத்தன. 1832இல் லண்டனைக் காலரா தாக்கியது.

வெள்ளை வெளேர் என்றிருக்கும் வரிசைகள் பளிங்கா?

செங்கல்தான். மேலே காரைப் பூச்சு. ஸ்டக்கோ என்பார்கள்.

1796இல் ஜேம்ஸ் பார்க்கர் என்பவர் ஒரு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். தேம்ஸ் கழிமுகத்தில் ஷெப்பி தீவுக் கரையில் கிடைத்த களிமண்ணுச் சுண்ணாம்பு உருண்டைகளைச் சுட்டு அரைத்த தூள் அது. ஈரத்திலும் விரைவில் இறுகியது. ரோமானியச் சிமெண்ட் என்று பெயர் வைத்து விற்றார். ரோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரில் விற்பனை இருந்தது. மட்டமான செங்கல்லை அடுக்கி, மேலே இதைப் பூசி, ஈரம் காயுமுன் கோடு கிழித்துவிட்டால் பெரிய கல் தொகுதிகளை அடுக்கியதுபோல் தெரியும். பாத் நகரின் மணற்சாயல் கல்லைப் போலிசெய்ய மங்கலான மஞ்சள் கலந்த நிறத்தில் வண்ணம் அடித்தார்கள். இப்போது பார்க்கும் பளிச்சென்ற வெள்ளை பிற்காலத்துப் பழக்கம். பிரைட்டனை ஒட்டிய ஹோவ் ஊரின் பிரன்ஸ்விக் சதுக்கத்தில் மட்டும் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒரே பாலாடை நிறத்தில் அடித்தாக வேண்டும் என்று சட்டமே உண்டு.

இந்தப் பூச்சின் பெரிய ரசிகர் கட்டடக் கலைஞர் ஜான் நாஷ். அகஸ்டஸ் செங்கல் ரோமைப் பளிங்கு ரோமாக்கினான், நம் நாஷ் செங்கல் லண்டனைக் காரை லண்டனாக்கினார் என்று 1826இல் ஒரு கிண்டல் பாட்டு உலவியது.

செங்கல் முகப்பாவது உறுதியானதா?

சுவரைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு செங்கல்லின் நீளவாட்டுப் பக்கம், அடுத்து ஒரு செங்கல்லின் தலை, மீண்டும் நீளம், மீண்டும் தலை. தலை தெரியும் கல், சுவருக்குள் ஒன்பது அங்குலம் நீண்டு, வெளிச் சுவரையும் உட்சுவரையும் கோத்துப் பிடிக்க வேண்டும். விதி அதுதான்.

நடந்தது வேறு. முகப்புக்கு வைக்கும் நல்ல செங்கல் விலை அதிகம், உள்ளே வைக்கும் கரடுமுரடான கல் மலிவு. 1784 முதல் 1850 வரை செங்கல்லுக்கு வரியும் இருந்தது. அமெரிக்கப் போர்க் கடனை அடைக்க ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஆரம்பித்துப் பின்பு ஏற்றினார்கள். கொத்தனார் நல்ல கல்லை நடுவில் உடைத்து, இரண்டு பாதிகளையும் இரண்டு தலைகளாகக் காட்டினார். ஒரு கல்லில் இரண்டு தலை. தெருவிலிருந்து பார்த்தால் முறையான கட்டு. உண்மையில் நாலரை அங்குல வெளித்தோல், உட்சுவரோடு எப்போதாவது ஓரிடத்தில் மட்டும் கோத்துக்கொண்டு தனியே நிற்கிறது. பல வீடுகளின் முகப்பு வயிறு தள்ளியதுபோல் தெருவை நோக்கிப் புடைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். சுவருக்குள் படுக்கையாக வைத்த மரக்கட்டைகள் ஈரத்தில் உளுத்துப்போவது இன்னொன்று. இருநூறு ஆண்டு நின்றிருக்கின்றனவே என்று கேட்கலாம். மெதுவாக இறுகும் சுண்ணாம்புச் சாந்து அசைவுக்கு இடம் கொடுத்தது, இருபுறமும் அண்டை வீடு தாங்கிப் பிடித்தது. ஓர வீடுகளுக்குத்தான் பாவம், ஒரு பக்கத் துணை இல்லை.

அடைத்துவைத்த ஜன்னல்கள் வரிக்குப் பயந்து மூடியவைதானே?

சில அப்படி. ஜன்னல் வரி 1696இல் வந்து 1851 வரை நீடித்தது. 1784இல் அது உயர்ந்ததற்குக் காரணம் தேநீர். கடத்தலை ஒழிக்கவும் கிழக்கிந்தியக் கம்பெனியின் விற்பனையைத் தூக்கிவிடவும் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 ஆகக் குறைத்தார்கள். அந்த நட்டத்தை ஜன்னலில் வசூலித்தார்கள்.

ஆனால் வழிகாட்டிகள் காட்டும் குருட்டு ஜன்னல்களில் பல, பிறந்தபோதே குருடு. உள்ளே புகைபோக்கியோ குறுக்குச் சுவரோ இருக்கும், வெளியே சமச்சீர் கெடக்கூடாது. அதனால் ஜன்னல் வடிவில் ஒரு குழிவு மட்டும். அடைப்பின் செங்கல்லும் சுற்றுச் சுவரின் செங்கல்லும் ஒரே மாதிரி கோத்திருந்தால் அது தொடக்கத்திலேயே அப்படிக் கட்டியது. வரிக் கதை சுவாரசியமானது என்பதற்காக எல்லாவற்றிலும் ஒட்டக்கூடாது.

கூரை எங்கே போனது?

கைப்பிடிச் சுவருக்குப் பின்னால். வடக்கு வேல்ஸிலிருந்து கப்பலில் வந்த மெல்லிய ஸ்லேட் பலகைகளைத் தாழ்ந்த சரிவிலும் வேயலாம். அதனால் கூரையை நடுவை நோக்கிச் சரித்து, நடுவில் ஓர் ஈயத் தகட்டு வாய்க்கால் விட்டு, மழைநீரைப் பின்பக்கம் தள்ளினார்கள். முன்னால் நேர்கோடு, பின்னால் பார்த்தால் விரித்த புத்தகம் போன்ற வெட்டு. இலை விழுந்து அந்த வாய்க்கால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேராக உச்சி மாடிப் படுக்கையில் இறங்கும். அழகுக்காக வீட்டின் நடுமண்டையில் வாய்க்கால் வெட்டிய யோசனையை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரும்பு பால்கனிகள் எப்போது வந்தன?

அடித்து வளைத்த இரும்பின் இடத்தை மலிவான வார்ப்பிரும்பு பிடித்தபோது. ஸ்காட்லாந்தின் கேரன் கம்பெனி போன்ற வார்ப்பாலைகள் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்து அனுப்பின. இதயமும் தேன்பூக் கொத்தும் பின்னிய ஒரு வடிவத்தை லண்டனிலும் செல்ட்டனத்திலும் பார்க்கலாம். முதல் மாடி ஜன்னலைத் தரை வரை இறக்கிக் கதவாக்கி, முன்னால் பால்கனி வைத்து, மேலே கூடாரம்போல் வளைந்த தகரக் கூரை போட்டார்கள். இந்தியாவில் பார்த்துப் பழகிய வராந்தா அது. வெயிலுக்கு ஏற்பட்டது, மழை ஊருக்குக் குடிபோனது.

நாஷ், க்யூபிட் என்று இரண்டு பெயர் அடிக்கடி வருகிறதே?

நாஷ் காட்சிக்காரர். இளமையில் புளூம்ஸ்பரியில் காரை பூசிய வீடுகள் கட்டி, விற்காமல், 1783இல் திவாலானவர். அதே ஆள் பின்பு இளவரசரின் செல்வாக்கில் ரீஜென்ட்ஸ் பூங்காவை வடிவமைத்தார். 1811இல் அந்த நிலம் குத்தகை முடிந்து முடியரசிடம் திரும்பியதால் வந்த வாய்ப்பு. 1812இல் தொடங்கிய பார்க் கிரசென்ட்டில் சில வீடுகளோடு கட்டுநர் திவாலானார். 1826இல் எழுந்த கம்பர்லாண்ட் டெரஸ் உச்சம். பெருந்தூண்கள், சிலைகள் நிரம்பிய சிகரம். எதிரே அரசருக்கு ஒரு மாளிகை வருவதாக இருந்ததால் இத்தனை ஆடம்பரம். மாளிகை வரவே இல்லை. தூரத்தில் நின்று பார்க்கும்வரை மூச்சை அடைக்கும் அழகு. கிட்டே போனால் விவரங்களில் அலட்சியம் தெரியும். பின்பக்கம் போனால் சாதாரணச் செங்கல். பார்க் கிரசென்ட் இரண்டாம் உலகப் போரில் சேதமாகி, 1960களில் முகப்பை மட்டும் பழையபடி நகலெடுத்துக் கட்டப்பட்டது. நாஷ் இருந்திருந்தால் ஆட்சேபித்திருக்கமாட்டார்.

தாமஸ் க்யூபிட் நேர் எதிர். தச்சராகத் தொடங்கியவர். 1815இல் ஒரு பெரிய ஒப்பந்தம் எடுத்தபோது, துணை ஒப்பந்தக்காரர்களை நம்பிக் காலம் தள்ள முடியாதென்று கிரேஸ் இன் சாலையில் பட்டறை போட்டு, தச்சர், கொத்தனார், கொல்லர், கண்ணாடிக்காரர் எல்லோரையும் நிரந்தரக் கூலிக்கு அமர்த்தினார். அதற்கு முன் இப்படிப் பெரிய அளவில் செய்தவர்கள் அரிது. அத்தனை பேருக்கும் சம்பளம் கொடுக்க ஓயாமல் வேலை வேண்டும், ஆகவே ஓயாமல் வீடு கட்டினார். 1820களில் க்ரோவ்னர் குடும்பத்தின் சதுப்பு நிலத்தில் பெல்கிரேவியாவைத் தொடங்கினார். களிமண்ணைத் தோண்டிச் செங்கல் சுட்டார். செயின்ட் கேத்தரின் துறைமுகம் தோண்டியபோது கிடைத்த மண்ணைப் படகில் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பினார். தோண்டியதும் லாபம், நிரப்பியதும் லாபம். வடிகாலை முதலில் போட்டு, வீட்டைப் பிறகு கட்டினார். வாடகைக்கு இருக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் க்யூபிட் வீடு என்பேன்.

பிரைட்டனில் முகப்புகள் ஏன் வளைந்திருக்கின்றன?

கடலைப் பார்க்க. லண்டன் சட்டம் முகப்பில் பிதுங்கல்களைக் கட்டுப்படுத்தியது. அது எட்டாத கடற்கரை ஊரில் ஒவ்வொரு வீடும் வில்போல் ஜன்னலை முன்தள்ளியது. சுவருக்குள் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். உடைந்த செங்கல், சக்கிமுக்கிக் கல், கையில் கிடைத்த எல்லாவற்றையும் சுண்ணாம்பில் குழைத்து வார்த்த கலவை. உள்ளூரில் அதற்கு பங்கரூஷ் என்று பெயர்.

1823இல் தாமஸ் ரீட் கெம்ப் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தம் பெயரிலேயே கெம்ப் டவுனைத் தொடங்கினார். வைல்ட்ஸ், பஸ்பி இருவரும் வரைந்த பிரம்மாண்டமான பிறை. வெளிக்கூட்டை மட்டும் எழுப்பி, வாங்குபவர் உள்ளே தம் வசதிப்படி கட்டிக்கொள்ள விட்டார். வாங்க ஆள் வரவில்லை. 1837இல் கடன்காரர்களுக்குப் பயந்து நாட்டை விட்டே போய், 1844இல் பாரிஸில் இறந்தார். வேலையின் பெரும்பகுதியை முடித்தவர் க்யூபிட்.

ஏழைகள் எங்கே இருந்தார்கள்?

வரிசை வீடுகளில்தான், பின்சுவரையும் பங்கிட்டுக்கொண்டு. பர்மிங்காம், லீட்ஸ், நாட்டிங்காம் போன்ற தொழில் நகரங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள் கட்டினார்கள். மூன்று பக்கம் அண்டை வீடு, ஒரே பக்கம் கதவும் ஜன்னலும். ஒரு தளத்துக்கு ஓர் அறை, அதை அடுக்கினால் ஒரு குடும்பம். முற்றத்தில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறைகளும் துணி துவைக்கும் இடமும். 1909இல் சட்டம் தடைசெய்தும், முன்பே அனுமதி வாங்கிய மனைகளில் லீட்ஸ் நகரம் 1937 வரை இவற்றைக் கட்டிக்கொண்டிருந்தது. நாஷின் பிறைகளையும் இவற்றையும் ஒரே கணக்குதான் பெற்றது: ஓர் அடி முகப்புக்கு எவ்வளவு வாடகை தேறும்?

ஒரு வீட்டின் வயதை நானே கண்டுபிடிக்க முடியுமா?

ஜன்னலைப் பாருங்கள். மேலும் கீழும் நகரும் இரண்டு சட்டங்களில் ஆறு ஆறு கண்ணாடி, இடையே விரல் தடிமனுக்கும் குறைவான மரக்கம்பி என்றால் ஏறக்குறைய இந்தக் காலம். மேல் சட்டத்தின் இரு கீழ்முனைகளிலும் கொம்புபோல் மரம் நீண்டிருந்தால் அது விக்டோரியா காலத்துக்கு வந்துவிட்டது. பெரிய கண்ணாடியின் எடையைத் தாங்க வந்த கொம்பு அது. 1845இல் கண்ணாடி வரியை எடுத்த பிறகு பெரிய கண்ணாடி மலிந்தது. ஜன்னலை மட்டும் நம்பாதீர்கள், மாற்றியிருக்கலாம். மாடிப்படியையும் கதவுச் சட்டத்தையும் யாரும் எளிதில் மாற்றுவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறேன். சுவரில் ஈரம். சிமெண்ட் பூசலாமா?

வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, செங்கல் பொரிந்து உதிரும், உத்திரத்தின் முனை அழுகும். முதலில் கூரை வாய்க்காலையும் தண்ணீர்க் குழாயையும் பாருங்கள், பாதி வழக்கு அங்கே முடிந்துவிடும். வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால், உள்ளே ஒரு கணப்பை எடுப்பதற்குக்கூட நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். மீறுவது குற்றம்.

உள்ளே போய்ப் பார்க்கக்கூடியவை எவை?

லண்டன் டௌட்டி தெரு 48ஆம் எண் வீடு. 1837 முதல் 1839 வரை சார்லஸ் டிக்கன்ஸ் குடியிருந்தார், இப்போது அருங்காட்சியகம். அவர் எழுதியதைப் படித்திராவிட்டாலும் பரவாயில்லை, அடித்தளச் சமையலறையிலிருந்து உச்சி வரை ஏறிப் பாருங்கள். ஹோவ் ஊரில் பிரன்ஸ்விக் சதுக்கம் 13ஆம் எண் வீட்டை 1820களின் நிலைக்கு மீட்டெடுத்துவருகிறார்கள், சுவரின் உட்புறத்தையே காணலாம். பாத் நகரில் ராயல் கிரசென்ட்டின் முதல் வீடு. அங்கே மறக்காமல் பின்பக்கம் சுற்றிப் போங்கள். முன்னால் தூண்கள் அணிவகுத்து நிற்க, பின்னால் ஒவ்வொருவரும் தம் இஷ்டத்துக்குக் கட்டியிருப்பார்கள். பர்மிங்காமில் ஹர்ஸ்ட் தெருவில் தேசிய அறக்கட்டளை காத்துவரும் முதுகொட்டி வீடுகளுக்குக் குழுவாகத்தான் அழைத்துப் போவார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். படிகள் செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும்.